மூச்சு முட்டாமல், மனம் தளராமல் ஓடத் தொடங்குவது எப்படி?

ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே அதைக் கைவிட்டவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் "ஓட்டம் எனக்கு ஒத்துவராது" என்றுதான் சொல்வார்கள். எப்படி ஓடினார்கள் என்று சற்று விசாரித்தால் ஏறத்தாழ ஒரே விவரம் கிடைக்கும். முதல் நாள் உற்சாகமாக, வேகமாகப் புறப்பட்டிருப்பார்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, கால்கள் கனத்து நின்றிருப்பார்கள். அடுத்த முறை "இன்றாவது விடக்கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதே வேகத்தில் ஓடி, ஏறத்தாழ அதே இடத்தில் மறுபடியும் நின்றிருப்பார்கள். அந்த வேகத்துக்கு உடல் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. அவர்களோ அதைத் தங்கள் மன உறுதியின் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஓட்டத்தை விட்டுவிட அந்த எண்ணம் ஒன்றே போதுமானதாகிவிடுகிறது. ஆகவே புதிதாக ஓடுகிறவருக்கு ஊக்க வார்த்தைகளைவிட முதலில் தேவைப்படுவது சரியான வேகம் என்பதே என் உறுதியான கருத்து. வேகம் சரியாக அமைந்துவிட்டால், மனத்தைத் தேற்றும் வேலை பாதிக்குமேல் குறைந்துவிடும்.

முதல் பத்து நிமிடங்கள்

ஓட்டம் தொடங்கிய கணத்திலேயே கால் தசைகளுக்கு ஆக்சிஜன் தேவை பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. ஆனால் இதயமும் நுரையீரலும் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க இரண்டு மூன்று நிமிடங்களாவது ஆகும். அதுவரை தசைகள் தம்மிடம் சேமிப்பில் உள்ள ஆற்றலின் ஒரு பகுதியை ஆக்சிஜனின் துணையில்லாமலே எடுத்துச் செலவிடுகின்றன. வேகம் மிதமாக இருந்தால், சிறிது நேரத்தில் தேவையும் வரத்தும் சமநிலைக்கு வந்து, மூச்சு ஒரு சீரான ஒழுங்கில் அமைந்துவிடும். வேகம் மிகுதியாக இருந்தால் அந்தச் சமநிலை வருவதே இல்லை. மூச்சு மேலும் மேலும் வாங்கி, நிற்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போகும். அனுபவம் மிக்க ஓட்டக்காரர்களுக்கும் முதல் பத்து நிமிடங்கள் கனமாகத்தான் இருக்கும். அது கடந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரியும். புதியவருக்கு அது தெரிவதில்லை.

இதற்கு இரண்டு ஏற்பாடுகள் போதும். முதலாவது, ஐந்து நிமிடம் விரைவாக நடந்துவிட்டு ஓடத் தொடங்குவது. நடக்கும்போதே இதயத்துடிப்பு படிப்படியாக ஏறத் தொடங்கிவிடுவதால், ஓட்டத்துக்கு மாறும்போது உடல் திடுக்கிடுவதில்லை. இரண்டாவது, அன்றைய ஓட்டத்தைப் பற்றிய எந்த முடிவையும் முதல் பத்து நிமிடங்களுக்குள் எடுக்காமல் இருப்பது. "இன்று முடியாது" என்ற எண்ணம் நான்காவது நிமிடத்தில் வந்தால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். வேகத்தை மட்டும் குறையுங்கள். பத்தாவது நிமிடத்திலும் அதே எண்ணம் இருந்தால் வீடு திரும்புவதில் தவறில்லை.

எவ்வளவு மெதுவாக ஓடுவது?

நீங்கள் நினைப்பதைவிட மெதுவாக. இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பேச்சுச் சோதனை என்ற எளிய முறை போதும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முழு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் துவைத்த துணிகளையெல்லாம் மடித்து வைத்துவிட வேண்டும்." இது ஒரே மூச்சில், வழக்கமான குரலில் வந்தால் உங்கள் வேகம் சரி. "இன்று மாலை" என்று சொல்லி ஒரு மூச்சு, "வேலை முடிந்து" என்று சொல்லி இன்னொரு மூச்சு என்று வாக்கியம் துண்டுதுண்டாக உடைந்தால் வேகம் மிகுதி. இரண்டு சொற்களுக்கு மேல் வரவே இல்லை என்றால் உடனே நடைக்கு மாறுங்கள். தனியாக ஓடும்போது வாய்விட்டுப் பேசக் கூச்சமாக இருக்கலாம். உதட்டளவில் முணுமுணுத்தாலும் மூச்சு உண்மையைச் சொல்லிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் செய்து பாருங்கள், ஏனெனில் வேகம் நம்மை அறியாமலே ஏறிக்கொண்டு போகும் இயல்புடையது.

எண்ணால் அளக்க விரும்புகிறவர்களுக்கு ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த உழைப்பு அளவுகோல் உண்டு. அதில் 6 என்பது எந்த உழைப்பும் இல்லாத ஓய்வு நிலை, 20 என்பது உடலால் இயன்ற உச்சம். புதியவரின் ஓட்டம் 11-க்கும் 13-க்கும் இடையில், அதாவது இலேசான உழைப்புக்கும் சற்றே கடினமான உழைப்புக்கும் இடையில் இருந்தால் போதும். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் இதயத்துடிப்பை நான் அவ்வளவு பரிந்துரைப்பதில்லை. 220-இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடும் வாய்பாடு ஒரு சராசரி மட்டுமே. தனிமனிதருக்கு அது பத்துத் துடிப்புகளுக்கு மேலும் கூடலாம், குறையலாம். மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சித் துடிப்பை அளக்கும் கருவிகள் சில வேளைகளில் காலடித் தாளத்தையே துடிப்பாக எண்ணிவிடுவதும் உண்டு. புதியவர் அந்த எண்ணைப் பார்த்துக் கலங்குவதைவிடத் தன் மூச்சைக் கவனிப்பது நல்லது.

கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்ற வேகத்தில் ஓடினால் மணிக்கு 7.5 கிலோமீட்டர் ஆகிறது. அந்த வேகத்தில் 5 கிலோமீட்டரைக் கடக்க 40 நிமிடம் ஆகும். நடையை விரைவுபடுத்திக்கொண்டே போனால், மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் பெரும்பாலோருடைய உடல் தானாகவே ஓட்டத்துக்கு மாறிவிடும். ஆக, மெல்லோட்டம் என்பது விரைவு நடையைவிடச் சிறிதளவே வேகமானது. விரைந்து நடக்கும் ஒருவர் உங்களை முந்திச் செல்லக்கூடும். அது உங்களுக்கு இழுக்கு அல்ல. மெதுவாக ஓடுவதற்கு எட்டுகளைச் சுருக்குவதே வழி. பாதம் உடலுக்கு வெகு முன்னால் போய் விழாமல் இடுப்புக்கு நேர் கீழே விழட்டும். அடிகள் சிறியவையாகவும் அடிக்கடி விழுபவையாகவும் இருக்கட்டும். தோள்கள் காதை நோக்கி ஏறியிருந்தால் இறக்கிவிடுங்கள். இறுக மூடிய விரல்களைத் தளர்த்துங்கள். இவ்வளவு செய்தும் வாக்கியம் உடைகிறது என்றால், இப்போதைக்கு உங்களுக்கு எந்த ஓட்ட வேகமும் எளிதான வேகம் அல்ல என்று பொருள். அதற்கு ஓட்டமும் நடையும் கலந்த முறை இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மெதுவாக ஓடினால் பயன் உண்டா என்ற ஐயம் பலருக்கும் எழுகிறது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் மாணவர்களான பீட்டர் ஸ்னெல், மர்ரே ஹால்பெர்க் இருவரும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள். அந்த லிடியார்ட்தான் உடற்பயிற்சியே இல்லாதிருந்த நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் பேசிக்கொண்டே மெதுவாக ஓடப் பழக்கினார். 1962-இல் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் நியூசிலாந்துக்குச் சென்றபோது அப்படியொரு குழுவோடு ஓடப் போய், பின்தங்கிவிட்டார். எழுபதைக் கடந்த ஒரு பெரியவர் அவருக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேசிக்கொண்டே கூட ஓடினாராம். ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கிய பவர்மேன் ஊர் திரும்பியதும் சாதாரண மக்களுக்கு மெல்லோட்டம் கற்பிக்கத் தொடங்கினார். இன்றும், மாரத்தானில் உலகச் சாதனைகள் படைத்த எலியுட் கிப்சோகே போன்றவர்கள் தம் பயிற்சியின் பெரும்பகுதியைப் போட்டி வேகத்தைவிட மிகக் குறைந்த வேகத்தில்தான் ஓடுகிறார்கள். இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் இரத்தத்தின் அளவு கூடுவது, தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவது, தசை உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் மிகுவது ஆகிய மாற்றங்கள் எல்லாம் இந்த மெதுவான ஓட்டத்திலேயே நிகழ்கின்றன.

ஓட்டமும் நடையும்

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்ட ஜெஃப் காலோவே, பிற்காலத்தில் புதியவர்களுக்கு ஓட்டத்தின் நடுநடுவே நடை என்ற முறையைக் கற்றுக்கொடுத்துப் பரப்பினார். 1996-இல் ஜோஷ் கிளார்க் வகுத்த, இப்போது உலகெங்கும் பலர் பின்பற்றும் ஒன்பது வாரத் திட்டமும் இதே கருத்தில் அமைந்தது. அதன் முதல் வாரத்தில் ஐந்து நிமிட நடைக்குப் பிறகு, 60 விநாடி ஓட்டமும் 90 விநாடி நடையும் மாறிமாறி இருபது நிமிடங்களுக்கு வரும். வாரத்துக்கு மூன்று நாள் ஓடினால் போதும். இதைவிடக் குறைவாகவும் தொடங்கலாம். முப்பது விநாடி ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று தொடங்குகிறவரும் ஓட்டக்காரர்தான்.

இதில் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. களைத்துப்போன பிறகு நடப்பது வேறு, களைக்கும் முன்பே திட்டமிட்டு நடப்பது வேறு. முதல் வகையில் ஒவ்வொரு நடையும் தோல்வியாக மனத்தில் பதிகிறது. இரண்டாவது வகையில் அது பயிற்சியின் ஓர் அங்கமாகிறது. மூச்சும் ஒருபோதும் எல்லை மீறுவதில்லை. ஆகையால் "இன்னும் ஓட முடியும்போல் இருக்கிறதே" என்று தோன்றும்போதே கடிகாரத்தைப் பார்த்து நடைக்கு மாறிவிடுங்கள். அந்த மிச்சம்தான் கடைசிச் சுற்றையும் நல்ல முறையில் முடிக்க உதவும். ஒரு வாரத்தின் பயிற்சி கடினமாக இருந்தால் மறுவாரமும் அதையே செய்யலாம். ஒன்பது வாரத் திட்டத்தைப் பதினான்கு வாரங்களில் முடித்தவருக்கும் ஒன்பது வாரங்களில் முடித்தவருக்கும் ஓராண்டு கழித்துப் பெரிய வேறுபாடு எதுவும் இருக்காது.

மூச்சு தேறிய பிறகு வரும் ஆபத்து

சில வாரங்களில் மூச்சு தேறிவிடும். இரத்தத்தின் திரவ அளவு ஓரிரு வாரங்களிலேயே கூடிவிடும். இதயமும் விரைவில் பழகிக்கொள்ளும். எலும்பும் தசைநாணும் அவ்வளவு விரைவாகப் பழகுவதில்லை. ஒவ்வொரு அடியிலும் தரையில் பதியும் விசை உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு. நிமிடத்துக்கு 160 அடிகள் என்று வைத்துக்கொண்டால் இருபது நிமிட ஓட்டத்தில் 3,200 முறை அந்தத் தாக்குதல் நிகழ்கிறது. அழுத்தத்துக்கு உள்ளாகும் எலும்பு, முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் பிறகே புதியதைக் கட்டி முடிக்கிறது. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆகவே "மூச்சு வாங்கவில்லை, இன்னும் கூட்டலாம்" என்று உற்சாகம் பெருகும் நான்காவது ஐந்தாவது வாரங்களில்தான் முன்னங்கால் எலும்பிலும் முழங்காலிலும் வலி தொடங்குவதைப் பரவலாகக் காண்கிறோம். அந்தக் கட்டத்தில் உங்கள் வேகத்தையும் தூரத்தையும் தீர்மானிக்க வேண்டியவை கால்கள். மூச்சுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டக்கூடாது என்ற விதியைப் பலரும் சொல்வார்கள். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் புதிய ஓட்டக்காரர்களிடம் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த விதிப்படி 13 வாரங்கள் படிப்படியாகக் கூட்டியவர்களிலும், 8 வாரங்களில் வழக்கமான முறையில் கூட்டியவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. அந்த விதிக்கு மந்திர ஆற்றல் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால், ஒரு கூட்டலுக்குப் பிறகு இரண்டு வாரம் அதே அளவில் நிலைத்திருந்து, கால்கள் அமைதியாக இருந்தால் மட்டுமே அடுத்த கூட்டலுக்குப் போவது பாதுகாப்பானது. ஓடும் நாட்களுக்கு இடையில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும், அன்று நடக்கலாம்.

எந்த வலியைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு கால்களிலும் தொடையும் கெண்டைக்காலும் பரவலாக வலித்து, ஓரிரு நாட்களில் உச்சத்தை அடைந்து தானாகத் தணிந்தால் அது தசை பழகும் வலி. ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, ஓட ஓடக் கூடும் வலி, நடையையே மாற்றும் வலி ஆகியவை வந்தால் நிறுத்த வேண்டும். ஓய்வெடுத்தும் போகாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த நொடியிலேயே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாடுங்கள். இதய நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், நெடுங்காலம் உடலுழைப்பே இல்லாதிருந்தவர்களும் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுவது முறை. விலாவில் பிடித்துக்கொள்ளும் வலியைப் பற்றி அஞ்ச வேண்டாம். நடைக்கு மாறி, பிடித்த இடத்தைக் கையால் அழுத்தி, மூச்சை நீளமாக வெளியே விட்டால் பெரும்பாலும் விலகிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஓடாதிருப்பது அதற்கு நல்ல தடுப்பு.

மனத்துக்குச் செய்ய வேண்டியவை

தூரத்தை அளக்காதீர்கள், நேரத்தை அளங்கள். "இன்று மூன்று கிலோமீட்டர்" என்று முடிவுசெய்தால், சீக்கிரம் முடித்துவிடலாமே என்ற ஆசை உங்களைத் தள்ளும், வேகம் ஏறும், மூச்சு முட்டும். "இன்று 25 நிமிடம்" என்று முடிவுசெய்தால் வேகமாக ஓடியும் அதைச் சுருக்க முடியாது. மெதுவாக ஓடுவதில் எந்த இழப்பும் இல்லை என்பது மனத்துக்குப் புரிந்துவிடும். முதல் மூன்று மாதங்களுக்கு ஓட்டச் செயலியில் வேகம் தெரியாதபடி வைத்துக்கொள்வதும், அதில் மற்றவர்களின் பதிவுகளைப் பார்க்காமல் இருப்பதும் நல்லது. பத்தாண்டுகளாக ஓடுகிறவரின் எண்ணும் உங்கள் எண்ணும் ஒரே திரையில் அடுத்தடுத்து வருவதால் ஒப்பிடத் தோன்றுகிறதே தவிர, அவற்றுக்கிடையே பொருத்தம் எதுவும் இல்லை.

ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, எத்தனை நிமிடம், வாக்கியம் உடையாமல் வந்ததா, முந்தைய இரவு எப்படித் தூங்கினீர்கள், வெயில் எப்படி இருந்தது என்பதை மட்டும் எழுதினால் போதும். சில வாரங்களில் அந்தக் குறிப்பேட்டிலேயே விடைகள் கிடைக்கும். ஓட்டம் கனத்த நாட்களுக்கு முன் தூக்கம் குறைந்திருக்கும், அல்லது புழுக்கம் மிகுந்திருக்கும். வெப்பத்தில் உடலைக் குளிர்விப்பதற்காகத் தோலுக்கும் இரத்தம் போக வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க நேர்கிறது. காரணம் தெரிந்துவிட்டால், "நேற்று முடிந்தது, இன்று ஏன் முடியவில்லை" என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ள இடமிருக்காது. அத்தகைய நாளில் வேகத்தைக் குறைப்பதே சரியான பயிற்சி.

ஓடும்போது மனத்துக்குள் பேசுவதிலும் ஒரு முறை இருக்கிறது. "என்னால் முடியும்" என்பதைவிட "உன்னால் முடியும்" என்று, ஒரு நண்பரிடம் பேசுவதுபோல் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது பயன் தருவதாக சைக்கிள் ஓட்டுபவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அதிலும், "அருமை, பிரமாதம்" என்று பொதுவாகப் புகழ்வதைவிட "தோளைத் தளர்த்து, எட்டைச் சுருக்கு, அந்த மரம் வரை போதும்" என்று செய்ய வேண்டியதைச் சொல்லும் பேச்சு மேலானது. மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் போட்டிகளில் நூறு வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதை வழக்கமாக வைத்திருந்தார். மீதமுள்ள தூரத்தைப் பற்றிய கவலை அந்த எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும். முகத்தையும் கவனியுங்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓட்டக்காரர்கள் புன்னகையோடு ஓடியபோது, முகத்தைச் சுளித்து ஓடியபோது பயன்படுத்தியதைவிடக் குறைந்த ஆக்சிஜனையே பயன்படுத்தினார்கள்.

விட்டுப்போகும் நாட்கள் எல்லோருக்கும் வரும். காய்ச்சல், வேலை, பயணம், அல்லது வெறும் சோம்பல்கூடக் காரணமாகலாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் பழக்கம் உருவாவதைப் பற்றிச் செய்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊன்றச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. ஆகவே ஒரு நாள் தவறினால் அதை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாக ஓட வேண்டாம். அட்டவணையில் அடுத்ததாக உள்ளதை மட்டும் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். இழந்தது விரைவிலேயே திரும்பிவிடும். போகவே மனமில்லாத நாளில் ஷூவைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடப்பது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாட்களில் அது ஓட்டமாக மாறிவிடும், மாறாவிட்டாலும் அந்த நாள் கணக்கில் சேரும்.

எப்போது வேகத்தைக் கூட்டலாம்?

நிற்காமல் முப்பது நிமிடம், வாக்கியம் உடையாத வேகத்தில், வாரத்துக்கு மூன்று முறை ஓட முடிந்து, அந்த நிலை ஒரு மாதமாவது நீடித்த பிறகு. அப்போதும் வேகம், நேரம், நாட்கள் ஆகிய மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கூட்டுங்கள். முதலில் மூன்று ஓட்டங்களில் ஒன்றின் இறுதியில் இருபது விநாடி விரைவோட்டம் நான்கைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இடையே மூச்சு அடங்கும்வரை நடந்தால் போதும். மற்ற இரண்டு ஓட்டங்களும் பழைய வேகத்திலேயே இருக்கட்டும்.

முதல் 5 கிலோமீட்டர் போட்டியில் கலந்துகொள்ளும்போது தொடக்கக் கோட்டில் பின்வரிசையில் நில்லுங்கள். முன்வரிசையில் நிற்பவர்களின் வேகம் கூட்டத்தோடு கூட்டமாக உங்களையும் இழுத்துக்கொண்டு போகும்; அன்று மனத்தில் உள்ள பரபரப்பால் அந்த வேகம் எளிதாகவும் தோன்றும். முதல் கிலோமீட்டரைப் பயிற்சியில் ஓடும் வேகத்தைவிடச் சற்று மெதுவாகவே முடியுங்கள். பயிற்சியில் நடை இருந்தால் போட்டியிலும் அதே இடைவெளியில் நடங்கள். நான்காவது கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு அந்தச் சோதனை வாக்கியத்தை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அது உடையாமல் வந்தால், கடைசி ஒரு கிலோமீட்டரை உங்கள் விருப்பம்போல் விரைந்து ஓடலாம்.